தறிக்குழியில் ஊறும் ஏரி

கார்த்திகை மாதத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளைக் கடந்து நடந்தால், தறி ஓடும் சத்தத்துக்குப் பதில் சொம்பால் தண்ணீர் மொண்டு வாளியில் ஊற்றும் சத்தம் கேட்கும். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டைகளை மிதிப்பார். அந்தக் குழியில்தான் தண்ணீர் நிற்கிறது. கூரை ஒழுகவில்லை, வாசலில் இருந்தும் வெள்ளம் வரவில்லை. குழியின் சுவரிலும் அடியிலும் இருந்து தானாகக் கசிந்து ஊறுகிறது. காலையில் இறைத்துப் போட்டால் சாயங்காலம் திரும்பவும் கணுக்கால் அளவு. தறி நிற்கும் நாளெல்லாம் கூலியும் நிற்கும்.

அந்த நாட்களில் தெருவில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "அந்த ஏரி கோடி போய்டுச்சாமே, நம்ம பக்கம் எப்போ?" ஏரி நிரம்பி, கலங்கல் என்ற கல் வரம்பைத் தாண்டி வழிவதைத்தான் எங்கள் பக்கத்தில் 'கோடி போவது' என்பார்கள். ஒரு காணி நிலம்கூட இல்லாத நெசவாளருக்கு ஏரி கோடி போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். ஆனால் நெசவாளரின் வீட்டுக்குள்ளேயே ஏரியின் அளவுகோல் ஒன்று இருக்கிறது. தறிக்குழிதான் அது.

மண் என்பது கெட்டியான பொருள் போலத் தெரிந்தாலும் அதன் துகள்களுக்கு நடுவே எங்கும் இடைவெளிதான். மழை பெய்யப் பெய்ய அந்த இடைவெளிகள் அடியில் இருந்து மேலாக நிரம்புகின்றன. நிரம்பிய மண்ணின் மேல் எல்லையைத்தான் நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். சுற்றிலும் ஏரிகள் நிரம்பி நின்றால், அவற்றின் அடியில் இருந்தும் கரைக்குக் கீழிருந்தும் கசியும் நீர் அந்த எல்லையை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே வடிந்துபோக வேண்டிய நீருக்கும் வழி இல்லாமல் போகிறது. மணலில் ஒரு நாளைக்குச் சில அடி, களிமண்ணில் அதற்கும் எவ்வளவோ குறைவு என்று அது நகரும். அதனால்தான் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் பல நாட்கள் குழி ஊறிக்கொண்டே இருக்கிறது. ஏரியில் நம் கண்ணுக்குத் தெரிவது நீரின் ஒரு பகுதிதான். மீதி ஊரின் அடியில், நம் காலடியில் பரந்து கிடக்கிறது.

புவியியல் பாடப் புத்தகத்தில் படிக்கும் ஏரிக்கும் தொண்டை மண்டலத்து ஏரிக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. வட அமெரிக்காவின் பேரேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன், ஹூரான் ஏரிகள் இரண்டும் இணைந்து ஒரே மட்டத்தில் நிற்பவை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அளந்து எழுதிவரும் கணக்கில் அவற்றின் மிக உயர்ந்த மாத நீர்மட்டம் 1986-இலும், மிகத் தாழ்ந்தது 2013 ஜனவரியிலும் பதிவாயின. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 6 அடியைச் சற்றே தாண்டும். அதற்கே அங்கே படகுத்துறைகள் தரை தட்டின, கப்பல்கள் சுமையைக் குறைத்தன, கரையோர வீட்டுக்காரர்கள் கவலைப்பட்டார்கள். நம் ஏரி ஒன்று அந்த 6 அடியை ஐப்பசியில் ஒரே வாரத்தில் ஏறிவிடும். பங்குனிக்குள் இறங்கியும் விடும். ஆனியில் அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இது கோளாறு இல்லை. ஏரியைக் கட்டியவர்கள் அப்படித்தான் அது இருக்க வேண்டும் என்று கட்டினார்கள்.

ஏரிக்கு மூன்று பக்கம்தான் கரை. பெரும்பாலும் பிறை வடிவத்தில், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டி எழுப்பியிருப்பார்கள். நான்காவது பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே கரையும் இல்லை, வேலியும் இல்லை. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து ஏதோ ஓரிடத்தில் வயலோ மேய்ச்சல் வெளியோ ஆகிவிடும். இந்த வட்டாரத்தில் தரையின் சரிவு மிகக் குறைவு. 500 அடி நடந்தால் ஒரு அடி உயரும் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஏரியில் நீர் ஒரு அடி இறங்கும்போது நீரின் விளிம்பு 500 அடி பின்வாங்குகிறது. 10 அடி இறங்கினால் விளிம்பு ஏறக்குறைய ஒரு மைல் நகர்ந்திருக்கும். ஆண்டுதோறும் ஒரு மைல் போய் ஒரு மைல் திரும்பி வரும் கரையோரம் இது.

காஞ்சியைச் சுற்றி இப்படிப்பட்ட நகரும் கரையோரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகும், நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகள் மிஞ்சின. ஊராட்சி ஏரிகள் தனி. வாலாஜாபாத் அருகே இருக்கும் தென்னேரிக்குத் திரையனேரி என்பதே பழைய பெயர். தொண்டைமான் இளந்திரையனோடு அதை இணைத்துச் சொல்வார்கள். காஞ்சியில் இருந்து வந்தவாசி போகும் சாலையில் மாமண்டூர் மலையடிவாரத்தில் கிடக்கும் பேரேரி, முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயரால் சித்திரமேகத் தடாகம். கூரத்தில் பரமேசுவரவர்மன் வெட்டிய பரமேசுவரத் தடாகத்துக்குப் பாலாற்றில் இருந்து பெரும்பிடுகு வாய்க்கால் என்று ஒரு கால்வாயே வந்தது. செப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர் ஏரி தந்திவர்மன் காலத்து வயிரமேகத் தடாகம். பல்லவர்கள் மேகத்தின் பெயரை ஏரிக்கு வைத்ததைப் பார்த்தால், அவர்களுக்கு ஏரி என்பது தரையில் இறங்கி உட்கார்ந்த மேகமாகத்தான் பட்டிருக்கும் போல. பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்.

மேகம் போலவே அது கலைந்தும் போகும். காஞ்சி வட்டாரத்தில் ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில பத்து நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் சூரியனுக்குப் படையல். கோடையில் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அதைக் கணக்கிட்டால் 60 லட்சம் லிட்டர், ஒரே நாளில். ஏரி ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால் இந்த இழப்பு அதிகம். அதே நீரை ஆழமான கிணறு போல வைத்திருந்தால் சூரியனுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் சமவெளியில் ஆழம் கிடைக்காது, பரப்புதான் கிடைக்கும்.

இங்கே இன்னொரு கணக்கு பலரை ஏமாற்றும். ஏரி பாதி ஆழத்துக்கு நிற்கிறது என்று செய்தியில் படித்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஏரியின் உள்வடிவம் செவ்வகத் தொட்டி போன்றது இல்லை. சாய்த்து வைத்த தாம்பாளம் போன்றது. மேலே போகப் போக விரியும். ஆழம் பாதியானால் நீளமும் சுருங்குகிறது, அகலமும் சுருங்குகிறது. ஆகவே நீர் கால் பங்குக்கும் கீழே போயிருக்கக்கூடும். மேலே உள்ள ஒவ்வொரு அடியும் கீழே உள்ள பல அடிகளுக்குச் சமம். கலங்கலில் ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்துவிட்டால் எவ்வளவு நீர் போகும் என்று ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கும் நீர்க்கட்டிக்கும் நன்றாகத் தெரியும். கலங்கலின் மேல் மண்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவதும், நீர்பிடிப்பில் பயிர் வைத்தவர் ராவோடு ராவாக அதைத் தள்ளிவிடுவதும், மறுநாள் பஞ்சாயத்து கூடுவதும் இந்தப் பக்கத்தில் புதிய கதை இல்லை. ஏரிச் சண்டை எல்லாம் அந்த மேல் ஒரு அடிக்குத்தான்.

நீர் ஏறும் நாட்களுக்கு வருவோம். பல மாதம் காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் முதல் நீர் பட்டதும் ஒரு வாசனை எழும், அடுத்த சில நாட்களில் நீர் பச்சை படரும். 1950களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பர்ச் என்பவர் ஒன்றைக் கவனித்தார்: ஒரே சீராக ஈரமாக இருக்கும் மண்ணைவிட, நன்றாகக் காய்ந்து பிறகு நனைந்த மண்ணில் நுண்ணுயிர்களின் சுவாசம் திடீரென்று பொங்குகிறது. காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களும், வெடிப்பால் வெளியே வந்த மக்கும் உடைந்து தழைச்சத்தாக நீரில் கரைகின்றன. கோடையில் ஆடு மாடு மேய்ந்து போட்ட சாணமும், முளைத்துக் காய்ந்த புல்லும் அதோடு சேரும். இதையெல்லாம் தின்று பாசி வளர்கிறது, பாசியைத் தின்று நுண்ணிய நீர்ப்பூச்சிகள், அவற்றைத் தின்று மீன்குஞ்சுகள். வறண்ட ஏரி பாழ் என்று நினைப்பது தவறு. அது தரிசு போட்ட வயல்.

அப்படியானால் மீன் எங்கிருந்து வருகிறது? காய்ந்த ஏரியில் தண்ணீர் வந்த சில வாரங்களில் மீன் துள்ளுவதைப் பார்த்து, மழையோடு மீன் விழுந்தது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் பாதி மீன் கீழிருந்து ஏறி வருகிறது. மேலேரி கோடி போனால் அந்த நீர் கீழேரிக்குப் போகும். இங்கே ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. புதுவெள்ளம் பாயும் இரவில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் நீரோட்டத்துக்கு எதிராக ஏறும். கலங்கல் கல்லின் மேல் சறுக்கும் அரை அடி நீரில் அவை வாலை அடித்து ஏறுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு மறக்காது. அங்கேயே கூடை வைத்துப் பிடிக்கும் கூட்டமும் இருக்கும். ஏறும் மீன் முட்டை சுமந்த மீன். அதைப் பிடிப்பது நாற்றங்காலை மேய்வது போல. சொன்னால் கேட்பவர் யார்!

மீதிப் பாதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. விராலுக்குச் செவுளோடு கூட, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று இருக்கிறது. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்காமல் அதனால் உயிர் வாழவே முடியாது. அதனால்தான் சேறாகக் குறுகிய குட்டையிலும் அது தாக்குப்பிடிக்கிறது. பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி அடுத்த குட்டைக்கு நகர்ந்து போகும். ஏரி நத்தை இன்னும் கெட்டி. மண்ணுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். மழை வந்து மண் இளகியதும் மூடி திறக்கும். தவளையும் அப்படித்தான். ஏரி காய்ந்தபோது இவை ஒன்றும் ஊரை விட்டுப் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டன.

கட்லா, ரோகு, மிர்கால் கதை வேறு. சந்தையில் ஏரி மீன் என்று வாங்குவதில் பெரும்பங்கு இவைதான். இவை கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளம் இல்லாமல் முட்டையிடாது. நின்ற ஏரி நீரில் எவ்வளவு கொழுத்தாலும் குஞ்சு பொரிக்காது. ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சை அரித்துப் பிடித்துத்தான் குளங்களில் விட்டார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, அடைத்த நீரிலேயே அவற்றை முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் அந்த நாளை இன்றும் மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஊசிக்குப் பிறகுதான் ஏரி நிரம்பியதும் லட்சக்கணக்கில் குஞ்சு விடுவது சாத்தியமானது. குத்தகைக்காரருக்கு அப்போதிருந்து ஒரே கேள்விதான்: தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? எட்டு மாதம் நின்றால் கட்லா நல்ல எடை வைக்கும். நான்கு மாதத்தில் வற்றினால் விரல் நீளக் குஞ்சோடு நஷ்டம்.

ஏரியில் மீன் பிடிப்பதற்கு வரி வாங்குவதும் புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்ற சொற்கள் வருகின்றன. அந்த வருமானம் ஏரியைப் பேணவே செலவானது. ஏரி மராமத்துக்கென்று விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். உத்திரமேரூரில் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளைத் தேர்தல் முறைக்காகத்தான் நாம் மேடையில் சொல்கிறோம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை விட்டுவிடுகிறோம். எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. ஏரியில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்கென்றே அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். ஏரி முழுதும் வற்றாத ஆண்டுகளிலும் வண்டல் எடுப்பு நிற்கக் கூடாது என்பதற்காக ஓடத்தில் போய் அள்ளியிருக்கிறார்கள். கடலில் கலம் செலுத்திய சோழருக்கு ஏரியிலும் ஒரு சிறு கடற்படை இருந்தது. அதன் எதிரி சேறு.

இன்றைய ஏரிப் படகு அவ்வளவு கம்பீரமானதில்லை. தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் கட்டி அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து, கையாலோ சிறு பலகையாலோ துழாவிப் போகிறார். லாரி டயர் டியூபும் படகுதான். சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரே பருவத்தில் 15 அடி ஆழமும் ஒன்றரை அடி ஆழமும் காணும் நீரில், துறையும் கிடையாது, கட்டிவைக்கத் தூணும் கிடையாது, விளிம்பு வாரத்துக்கு வாரம் நகர்கிறது. அரை சாண் நீரில் மிதக்கவும், தலையில் தூக்கிக்கொண்டு அரை மைல் சேற்றில் நடக்கவும் முடிகிற படகுதான் இங்கே பிழைக்கும். ஆழமாக இருக்கும்போது செவுள்வலை, இறங்கும்போது வீச்சுவலை, முழங்கால் அளவானதும் ஊத்தா. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. நீருக்குள் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனைத் தடவி எடுப்பது. எந்தக் கருவியைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஏரியின் ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

நீர் இறங்கும் பருவத்தில் இன்னொரு மாற்றம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். வெயில் ஏற ஏற நீரில் மூச்சு குறைகிறது, மீனோ நெருங்கிக்கொண்டே வருகிறது. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிப்பதால் விடியற்காலைதான் மிக மோசம். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அந்த நேரத்தில்தான் பறவைகளும் வரும். நாரையின் கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் அதனால் நின்று மீன் பிடிக்க முடியும். நீர் இறங்க இறங்க முதலில் நீண்ட காலுள்ளவை, பிறகு குட்டைக் காலுள்ளவை என்று முறை வைத்து இறங்குகின்றன. நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரியும். நத்தையின் ஓட்டை உடைக்காமலே கீழலகின் கூர்முனையை உள்ளே விட்டுத் தசையை அறுத்து எடுத்துவிடும் கைகாரி அது.

வேடந்தாங்கலில் இந்தக் கணக்கு இரண்டு முனையிலும் ஒத்துப்போகிறது. அங்கே பறவைகள் கூடு கட்டுவது நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில். அடியில் நீர் நிற்கும்வரை பூனையும் நரியும் ஏற முடியாது. கூடு கட்டும்போது அந்த ஏரி நிறைந்திருக்க வேண்டும். குஞ்சு பசிக்கும்போது சுற்றியுள்ள மற்ற ஏரிகள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு ஏரியை மட்டும் காப்பாற்றிப் பறவையைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். எச்சம் விழுந்த அந்த ஏரி நீரே உரம் என்று வேடந்தாங்கல் விவசாயிகள் கண்டிருந்தார்கள். வேட்டைக்காரர்களைத் தடுக்கும் உரிமையை 1798-ஐ ஒட்டி கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதியே வாங்கினார்கள். 1936-இல் அரசு அதைச் சரணாலயம் ஆக்கியது, 2022-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மதுராந்தகம் ஏரிக் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படுபவரும் இதே பிளேஸ்தான். ஏரி காத்த ராமர் கோயில் தாயார் சன்னிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. கரை உடைவதன் இயற்பியலை அவர் அறிந்திருப்பார்: கரையின் மேல் நீர் தரும் அழுத்தம் ஏரி எத்தனை மைல் பரந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததில்லை, ஆழத்தை மட்டும் பொறுத்தது. ஆனால் அலையின் உயரம் பரப்பைப் பொறுத்தது. பரந்த நீரின் மேல் வீசிவரும் காற்று அலையை வளர்த்துக் கரையில் அறையும். மழை இரவில் கரைக்காவலர்கள் பயப்படுவது அந்த அலைக்குத்தான்.

உலகில் வேறெங்கும் இப்படி ஏறி இறங்கும் நன்னீர் வாழ்வு இல்லையா? கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மெகாங் ஆற்றில் வெள்ளம் வந்ததும், ஏரியில் இருந்து ஆற்றுக்கு ஓடும் நீர் திசை திரும்பி ஆற்றில் இருந்து ஏரிக்கு ஓடும். ஏரி 15,000 சதுர கிலோமீட்டர் வரை வீங்கும். அங்கே வீடுகளே மிதக்கின்றன, பள்ளிக்கூடமும் மிதக்கிறது. அமேசான் வெள்ளச் சமவெளியை ஆராய்ந்த யுங்க் என்ற ஜெர்மானியர் 1989-இல் தம் தோழர்களுடன் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். வெள்ளம் ஏறுவதும் இறங்குவதும்தான் இத்தகைய நீர்நிலைகளின் நாடித்துடிப்பு. மட்டத்தை நிலையாக நிறுத்தினால் மீன் பெருகாது, குறையும் என்றார். அமேசானுக்கும் மெகாங்குக்கும் நாடி இயற்கையாக அடிக்கிறது. நம் ஏரிகளுக்கு அந்த நாடியை மதகும் கலங்கலும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஏறி இறங்கும் விளிம்பு உயிருக்கு எவ்வளவு நல்லதோ, மரத்துக்கு அவ்வளவு கெட்டது. நீரில் ஊன்றிய கம்பத்தைப் பார்த்தால் தெரியும்: அடியில் உறுதி, உச்சியில் உறுதி, நீர் வந்து வந்து போகும் இடத்தில் இற்றுப்போயிருக்கும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்துக்கு ஈரம் உண்டு, காற்று இல்லை. காய்ந்த மரத்துக்குக் காற்று உண்டு, ஈரம் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் சிதைவு. வெனிஸ் நகரம் பல நூற்றாண்டாக மரக்கம்பங்களின் மேல் நிற்பதும் அவை சேற்றுக்குள் மூழ்கியே கிடப்பதால்தான். காஞ்சிபுரத்தார் இதைப் படிக்கும்போதே அத்திவரதரை நினைத்திருப்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தின் அடியில் 40 ஆண்டுகள் பள்ளிகொண்டிருக்கும் அத்திமரத் திருமேனி 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் தரிசனம் தந்தது. பக்தர்களுக்கு அதன் பொருள் வேறு. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் மரத்தைக் காக்க வேண்டும் என்றால், ஏறி இறங்கும் நீரில் வைக்காமல் எப்போதும் நிறைந்திருக்கும் குளத்தின் அடியில் வைப்பதைவிட நல்ல யோசனை அறிவியலிடமும் இல்லை.

காஞ்சிக்கு அருகே அய்யங்கார்குளத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு காட்சி. அங்கே பெரிய ஏரி. பக்கத்தில் சஞ்சீவிராயர் கோயில். அருகே நடவாவிக் கிணறு. படியிறங்கிப் போனால் பூமிக்கு அடியில் தூண் மண்டபம். ஆண்டு முழுதும் நீருக்குள் கிடக்கும் அந்த மண்டபம் சித்ரா பௌர்ணமிக்கு வரதர் எழுந்தருளும்போது தண்ணீரை இறைத்து வெளியே கொண்டுவரப்படும். பாலாற்று நீரூற்று மேலே நிற்கிறதா, கீழே போய்விட்டதா என்று ஊருக்குத் தெரிவிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது.

2019-இன் அந்த 48 நாட்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காஞ்சியில் ஒரு கோடிக்கும் மேல் மக்கள் குவிந்த அதே வாரங்களில், மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரியான செம்பரம்பாக்கம் தரை தெரியக் கிடந்தது. சென்னைக்கு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பர் 1 அன்று, அதே ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல் அடையாற்றில் இறங்கியது. சென்னை மூழ்கிய இரவு அது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உள்ள ஏரி அது. லிட்டரில் சொன்னால் 10,000 கோடிக்கு மேல். பாசன ஏரியாகப் பிறந்து குடிநீர்த் தொட்டியாக மாறியது. பாசன ஏரிக்கு நிரம்புவதும் நல்லது, வற்றுவதும் நல்லது. வற்றினால் தூர் வாரலாம், வண்டலை வயலுக்கு ஏற்றலாம். குடிநீர்த் தொட்டிக்கு வற்றுவதே குற்றம். ஆகவே மழைக்காலத்தில் முடிந்தவரை நிரப்பிவைக்க வேண்டும். ஆனால் நிரம்பிய தொட்டியால் அடுத்த வெள்ளத்தைத் தாங்க முடியாது. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் கொஞ்சம் காலியாக வைக்க வேண்டும். மழை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்தால் ஒழிய இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயல் வந்தபோது, ஏரி 22 அடியைத் தொட்டதுமே மதகைத் திறந்தார்கள். மேலே இருந்த 2 அடியை வெள்ளத்துக்கு இடமாக விட்டுவைத்தார்கள். அந்த மேல் 2 அடியின் விலை இப்போது கிராமத்துப் பஞ்சாயத்தில் இல்லை, தலைநகரத்தில் பேசப்படுகிறது.

ஏரியின் நான்காவது பக்கம் திறந்து கிடக்கும் என்றேனே, அங்கேதான் இன்னொரு தொல்லை. தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டு மழை பொய்த்தால் நீர் வராத அந்தப் பரப்பு யாருக்கும் ஏரி போலத் தெரியாது. முதலில் வெள்ளரி போடுவார்கள், பிறகு வேலி, பிறகு கொட்டகை, பிறகு மின் இணைப்பு. ஏரி நிரம்பும் ஆண்டில் நீர் தன் பழைய விளிம்பைத் தேடி வந்து வாசலில் நிற்கும்போது, ஏரி ஊருக்குள் புகுந்துவிட்டது என்று செய்தி வரும். யார் எங்கே புகுந்தார்கள் என்பது பழைய கிராம வரைபடத்தில் கோடாக இருக்கிறது.

தறிக்குத் திரும்புகிறேன், அதில் ஓடும் பட்டுக்கு. கச்சாப் பட்டு இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கினால்தான் பளபளப்பு வரும், சாயமும் ஏறும். நீரில் சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் அது சோப்போடு சேர்ந்து கசடாகி இழையில் ஒட்டிக்கொள்ளும், பட்டு மங்கும். பாலாற்றுத் தண்ணீரில்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்று சாயக்காரர்கள் சொன்னதற்குள் இந்த வேதியியல் இருக்கிறது. பாலாறு மேலே ஓடுவது அபூர்வம், மணலுக்குள்தான் ஓடும். அந்த மணலைத் தோண்டி ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்கும் ஏரிக்கும் நீர் கொண்டுவந்தார்கள். மணலை லாரியில் ஏற்றிய பிறகு ஊற்று கீழே போனது, கால்வாய்கள் காய்ந்தன. சாயக்காரர் ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் போனார். அது எவ்வளவு ஆழத்தில் இருந்து வருகிறதோ அவ்வளவு பாறையின் உப்பைச் சுமந்து வருகிறது.

பட்டு இழையே ஒரு ஈரமானி. காற்றில் ஈரம் கூடினால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்சிக்கொண்டு, கைக்கு ஈரமாகவே தெரியாமல் இருக்கும். ஈரம் ஏறினால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு தளரும், வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறிக்குக் குழி வெட்டியதில் ஒரு வசதி இதுதான்: மண்ணின் ஈரம் கோடையிலும் பாவுக்கு அருகில் தங்கும். கோடையில் உதவிய அதே ஈரம்தான் கார்த்திகையில் குழியை நிரப்புகிறது. இப்போது பலர் குழியை மூடிவிட்டுத் தரைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் தறியை ஏற்றிவிட்டார்கள். கால் நனையாமல் நெய்யலாம். வேகமும் குறையவில்லை என்கிறார்கள்.

குழியை மூடாத ஒருவர், மழை நாள் காலையில், கடைசிச் சொம்பையும் வாளியில் ஊற்றிவிட்டுக் குழியின் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். நேற்று ஈரம் நின்ற கோடு இன்று நான்கு விரல் மேலே. வாளியைத் தெருவில் கவிழ்த்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குரல் கொடுக்கிறார்: "இன்னிக்கு ராவு நம்ம ஏரி கோடி போய்டும்ணா." எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.